கண்ணாடி நிரம்பும் நேரம்

கெர்லிண்டின் சிவப்புப் பசு செத்துப்போன செய்தி வந்தபோது யூட்டா முட்டைக்கோசை நறுக்கி, உப்புப் போட்டு, பீப்பாய்க்குள் அமுக்கிக்கொண்டிருந்தாள். மாவரைக்க ஆலைக்குப் போகிற ஒருவன் நின்றுகூடச் சொல்லாமல் போகிறபோக்கில் வேலிக்கு மேலாகச் சொல்லிவிட்டுப் போனான். அடப்பாவமே என்று வாய் சொன்னது. மனசு அதோடு நிற்கவில்லை. அந்தப் பசு நோவாகப் படுத்த விஷயமே தனக்குத் தெரியாதே என்றுதான் அது முதலில் நினைத்தது. போன வருஷமாக இருந்தால் பசு ஒரு வேளை தீனி எடுக்காவிட்டாலே போதும், பக்கத்து வீட்டுக் கெர்லிண்ட் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருப்பாள். இந்த முறை கூப்பிடவில்லை. பசு செத்ததற்கு வருத்தப்படுவதா, கூப்பிடாததற்கு வருத்தப்படுவதா என்று தெரியாமல் யூட்டா கோசை அளவுக்கு மீறி அமுக்கினாள்.

யூட்டாவிடம் ஆகென் கண்ணாடி இருந்தது. குழந்தையின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற வட்டக் கண்ணாடி, சுற்றிலும் வெள்ளீயச் சட்டம், உச்சியில் குழந்தையை ஏந்திய மாதா. ஆகென் நகரத்துப் பெரிய கோயிலில் மாதாவின் அங்கியை ஏழு வருஷத்துக்கு ஒருமுறை கோபுரத்து மாடத்திலிருந்து விரித்துக் காட்டுவார்கள். போன தடவை காட்டியபோது அவள் புருஷன் லாம்பெர்ட் போயிருந்தான். லாம்பெர்ட் குள்ளம். கூட்டத்தில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவனின் முதுகுதான். ஆனால் கையை எட்டுமட்டும் உயர்த்திக் கண்ணாடியைக் கோபுரத்துக்கு நேராகப் பிடித்தான். தான் பார்க்காததைத் தன் கண்ணாடி பார்த்துவிட்டது என்று திரும்பி வந்து சொன்னான். பார்த்தது மட்டுமில்லை, அங்கியின் ஒளி உள்ளே போய்த் தங்கியும்விட்டது. அதுதான் ஆகென் கண்ணாடியின் விசேஷம். அந்தக் குளிர்காலமே லாம்பெர்ட் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனான். கண்ணாடியைத் தண்ணீரில் முக்கி அவனுக்குக் குடிக்கக் கொடுத்துத்தான் பார்த்தாள். அவன் அதை ஊருக்காகப் பிடித்து வந்தானே தவிர தனக்காகப் பிடிக்கவில்லை என்று அப்புறம் அவளாகவே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பிரசவம் கஷ்டமானால், ஒரு பசு கன்றை வெளியே தள்ளமுடியாமல் திணறினால், குழந்தைக்குக் காய்ச்சல் இறங்காவிட்டால், மலைக்கு மேல் ஆலங்கட்டி மேகம் கறுத்தால் யூட்டாவைக் கூப்பிட்டார்கள். கண்ணாடியை இரவல் கொடுப்பதில்லை என்று அவள் ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். கழுத்தில் மாட்டிக்கொண்டு அவளே போவாள். பிள்ளை பெறுகிறவளின் தலைமாட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை அவள் முகத்துக்கு நேரே காட்டிக்கொண்டு, இன்னொரு கையை அவள் நசுக்கக் கொடுத்துக்கொண்டு, அருள் நிறைந்த மரியே செபம் சொல்வாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் முட்டை உடைத்து ஊற்றிய சூடான பீர்க் கஞ்சியைப் பெண்கள் எல்லோரும் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து குடிப்பார்கள். அந்தச் சட்டியைச் சுற்றி உட்கார்வதற்காகவே யூட்டா உயிரோடிருந்தாள் என்று சொன்னால் அது ரொம்ப மிகையில்லை. மற்ற நாட்களில் அவள் வீட்டுப் பக்கம் யாரும் வருவதில்லை. வேறு பள்ளத்தாக்கிலிருந்து வாழ வந்தவள், பிள்ளை குட்டி கிடையாது, வாயும் கொஞ்சம் துடுக்கு. ஊர் அவளை ஒதுக்கி வைத்தது என்று சொல்ல முடியாது. ஒதுக்கி வைப்பதற்காவது ஒருத்தியை நினைக்க வேண்டுமே.

இந்தக் கோடையில் மறுபடி அங்கியைக் காட்டினார்கள். ஊரில் நடக்க முடிந்தவர்கள் பாதிப்பேர் கிளம்பினார்கள். யூட்டாவையும் ஒப்புக்குக் கூப்பிட்டார்கள். எனக்கெதுக்கு, என்கிட்டதான் இருக்கே என்று அவள் சொன்னாள். அப்படிச் சொன்னபோது இருந்த பெருமை அவர்கள் திரும்பி வருவதற்குள் வற்றிவிட்டது. போனவர்கள் எல்லோர் தொப்பியிலும் ஒரு கண்ணாடி. போகாதவர்களுக்கும் வாங்கி வந்திருந்தார்கள். தொழுவத்து வாசலில், தொட்டிலின் தலைப்பக்கம், தேன்கூட்டுப் பெட்டியில்கூட ஆணி வைத்து அறைந்தார்கள். அன்றிலிருந்து அவள் கதவை யாரும் தட்டவில்லை. அறுவடை முடிந்தது, பன்றிகளைக் காட்டுக்கு ஓட்டிப்போய்த் திரும்பி ஓட்டிவந்தார்கள், இரண்டு பிள்ளைகள் பிறந்தன. பிறந்ததை அவள் கோயில் மணி அடித்ததை வைத்துத் தெரிந்துகொண்டாள். ஒரு நாள் முழுக்கத் தான் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைப் படுக்கப் போகும்போதுதான் கவனித்தாள். சோதித்துப் பார்ப்பதுபோல் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டாள். தொண்டை கரகரத்தது.

இப்படியிருக்கும்போதுதான் கெர்லிண்டின் பசு செத்தது. புதுக் கண்ணாடி அதன் மூக்குக்கு நேரே தொங்கிக்கொண்டிருக்கும்போதே செத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் இதைப் பற்றிப் பெரிய பேச்சு நடந்தது. யூட்டா கல்லறைச் சுவரோரம் நின்று காலணியில் ஒட்டாத சேற்றைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றான் கொல்லன் வெந்தல். "நாம போன அன்னிக்குப் பேய் மழை. சூரியன் தலையே காட்டல. வெயிலே இல்லாதப்ப கண்ணாடிக்குள்ள என்ன போகும்? மழைதான் போயிருக்கும்."

"அருளுக்கு வெயில் எதுக்குப்பா?" என்றார் சாமியார்.

"அருளுக்கு வேண்டாம் சாமி. கண்ணாடிக்கு வேணுமே."

வெறும் கண்ணாடியை நம்பிக் குளிர்காலத்தை எப்படித் தாண்டுவது என்று எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அடுத்த காட்சிக்கு ஏழு வருஷம் இருக்கிறது. அப்போது கெர்லிண்ட் மெதுவாகத் திரும்பி, சுவரோரம் நின்றவளைப் பார்த்தாள். பசுவைப் பறிகொடுத்த துக்கத்திலும் அவளுக்கு மூளை வேலை செய்தது.

"இவ புருஷன் போனப்ப நல்ல வெயில்," என்றாள். "ஒரு மெழுகுவத்திலேர்ந்து இன்னொன்ன ஏத்தறோம். ஏத்தினா மொதல்ல இருந்தது அணைஞ்சா போயிடுது? இவ கண்ணாடிய நம்ம கண்ணாடிக்கு நேரா வச்சா என்ன?"

அன்று மத்தியானமே ஆளுக்கொரு கண்ணாடியோடு யூட்டாவின் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். லாம்பெர்ட்டின் சவ ஊர்வலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அத்தனை பேர் நின்றதில்லை. இடம் போதாமல் சிலர் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார்கள். வெந்தல் எல்லாக் கண்ணாடிகளையும் மேசையில் வரிசையாகப் பரப்பினான். "ஏம்மா யூட்டா, ஒவ்வொண்ணு மேலயும் சும்மா ஒரு தடவ காட்டிட்டுப் போயேன், வேலை முடிஞ்சுது," என்றான்.

யூட்டாவின் கை கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. முடியாது என்று சொல்லலாம். சொன்னால் நாளையிலிருந்து பழையபடி இவளைத்தான் கூப்பிட்டாக வேண்டும். ஆனால் முடியாது என்று சொன்னவளை எந்த வீட்டுச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள்? சரி என்று சொன்னாலோ, வெந்தல் சொன்னதுபோல வேலை முடிந்தது. எல்லோரும் கும்பலாக நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள், அதோடு அவள் கதையும் முடிந்தது. எல்லா முகங்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அப்போது அந்த வாய், அவளைக் கேட்காமலேயே பேசியது.

"அதெப்படி ஒரு தடவ காட்டினா ஏறும்? அவசரப்பட்டா அரைகுறையாத்தான் ஏறும். ஒண்ணுக்கொண்ணு நேரா வச்சு, பக்கத்துல உக்காந்து, ஒரு செபமாலை முழுசும் சொல்லணும். நிறுத்தி நிதானமா. கண்ணாடிக்குச் சொந்தக்காரங்களும் கூட உக்காரணும். ஒரு நாளைக்கு ஒண்ணுதான் தாங்கும்."

"இதெல்லாம் யார் சொன்னா?" என்றான் வெந்தல்.

"லாம்பெர்ட் சொன்னார்," என்றாள். செத்தவன் மறுத்துப் பேசப்போவதில்லை.

அப்படித்தான் அந்த இலையுதிர்காலத்தில் யூட்டாவின் வீட்டுக்குத் தினமும் ஓர் ஆள் வர ஆரம்பித்தது. மத்தியானம் வேலைகள் ஓய்ந்ததும் வருவார்கள். மேசையில் இரண்டு கண்ணாடிகளையும் ரொட்டித் துண்டில் சாய்த்து எதிரெதிராக நிறுத்துவாள். நடுவில் ஒரு விரற்கடை இடம் விடுவாள். செபமாலையை அவள் மாதிரி இழுத்து இழுத்துச் சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. நடுவில் அடுப்புக்கு விறகு வைப்பாள், விட்ட இடம் மறந்துவிட்டது என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். வெந்தல் செபமாலையில் இரண்டாவது பத்து மணிகளைத் தாண்டுவதற்குள்ளேயே குறட்டை விட்டான். அவன் தூங்கும்போது வாயைத் திறந்துகொண்டு தூங்குவது யூட்டாவுக்குப் பிடித்திருந்தது. ஓர் ஆம்பளையின் குறட்டை அந்த வீட்டில் கேட்டு வெகுநாளாயிற்று. தேன்காரக் கிழவர் தன் மகள்மேல் இருந்த மனக்குறையெல்லாம் கொட்டினார். சாமியார் இதைக் கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு தன் கண்ணாடியைச் சமையல்காரியிடம் கொடுத்தனுப்பினார். வந்தவர்களுக்குக் கொடுப்பதற்காக யூட்டா உலர்ந்த பேரிக்காயை ஊறவைத்தாள். காலையிலேயே வீட்டைப் பெருக்கினாள். தான் செய்வது ஏமாற்று வேலை என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் ஒளி ஏறவில்லை என்று அவள் நினைக்கவும் இல்லை. ஏறும்; அதற்கு இவ்வளவு நேரம் தேவையா என்பதுதான் கேள்வி. நேரம் கூடினால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று மாதாவிடமே சொல்லி வைத்தாள்.

எல்லோர் முறையும் முடிந்து கடைசியாக வந்தவள் கெர்லிண்டின் மருமகள் ஓடில்யா. கெர்லிண்ட் பசு செத்த கோபத்தில் முதலில் தன் கண்ணாடியைப் பிடுங்கிச் சாணக்குழியில் எறிந்திருந்தாள், அப்புறம் அதைத் தேடியெடுத்துக் கழுவவே இத்தனை நாளாயிற்று. ஓடில்யா இருபது வயதுகூட நிரம்பாதவள், வயிறு நன்றாக முன்தள்ளியிருந்தது. மூச்சு வாங்கியபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். செபமாலை முடிந்தது. யூட்டா பெருமூச்சோடு கண்ணாடிகளைப் பிரிக்கப்போனாள். இதுதான் கடைசிக் கண்ணாடி. ஓடில்யா குனிந்து தன்னுடையதை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, இது இன்னும் சரியா ஏறல போலயே?"

யூட்டா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண் பார்வையை மாற்றிக்கொண்டாள்.

"ஏறலதான்," என்றாள் யூட்டா. "சாணத்துல கிடந்ததுல்ல. நாளைக்கும் வா."

நாளைக்கும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். சில நாள் செபம் சொன்னார்கள், சில நாள் பாதியில் நிறுத்திவிட்டுப் பேசினார்கள். ஓடில்யா வாழ வந்த இடத்தில் அவளுக்குப் பேச ஆள் கிடையாது. புருஷன் நல்லவன், ஆனால் அம்மா இருக்கும் இடத்தில் அவனுக்கு வாய் திறக்காது. யூட்டாவின் வீட்டில் காலை நீட்டி உட்காரலாம், கண்ணை மூடிக்கொள்ளலாம். ஒரு நாள் வெளியே முதல் பனி விழ ஆரம்பித்திருந்தது. ஓடில்யா செபத்தின் நடுவில் நிறுத்தினாள்.

"எங்கம்மா என்னைப் பெத்துட்டுத்தான் செத்தாங்க. எங்க பாட்டியும் எங்கம்மாவப் பெத்தப்பவே போயிட்டாங்களாம். அத்தைக்கு இது தெரியாது. சொல்லிடாதீங்க."

ஒன்றும் ஆகாது என்று யூட்டா எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். அவர்களில் இரண்டு பேர் இப்போது கல்லறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். எழுந்துபோய் அந்தப் பெண்ணின் கால்மேல் கம்பளியைப் போர்த்திவிட்டாள்.

"உங்க கை சூடா இருக்குக்கா," என்றாள் ஓடில்யா.

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு யூட்டா அன்று சாயங்காலம் முழுவதும் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தாள். பிரசவத்துக்கு என்னைக் கூப்பிடுவாள் என்று நினைத்தாள். கண்ணாடி நிரம்பவில்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தால் கெர்லிண்ட் கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும். அவ்வளவுதான் செய்யவேண்டியது. ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, நிரம்பவில்லை என்று சொன்னால் போதும்.

ஆனால் மறுநாள் ஓடில்யாவோடு கெர்லிண்டும் வந்தாள். பனியை உதறக்கூட இல்லை, நேராக மேசைக்கு முன்னால் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஊர்க் கண்ணாடியெல்லாம் ஒரே நாள்ல நிரம்புது, எங்க வீட்டுது மட்டும் ஓட்டைச் சட்டியா? இவளுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. நிரம்பிடுச்சா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லு."

நிரம்பவில்லை என்கிற வார்த்தை யூட்டாவின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லியிருப்பாள். அதற்குள் கெர்லிண்டுக்குப் பின்னால் நின்ற முகத்தைப் பார்த்துவிட்டாள். அந்தப் பெண் இப்போது விளையாடவில்லை. வெளிறிப்போய், ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, உண்மையிலேயே பதிலுக்குக் காத்திருந்தாள். இத்தனை நாள் இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன பொய்யை அவள் பாதி நம்ப ஆரம்பித்துவிட்டாள். நிரம்பாத கண்ணாடியோடு இவள் படுக்கப்போனால் பயத்திலேயே போய்விடுவாள். பயந்தவர்கள் போவதை யூட்டா கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"நிரம்பிடுச்சு," என்றாள். "நேத்தே நிரம்பிடுச்சு. என்னோடதவிட இப்ப அதுலதான் அதிகம்."

ஓடில்யாவின் தோள்கள் இறங்கின. கெர்லிண்ட் கண்ணாடியை எடுத்துத் துணியில் சுற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று சொல்லிவிட்டு மருமகளைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனாள். போகும்போது ஓடில்யா திரும்பிப் பார்த்தாளா என்று யூட்டா கவனிக்கவில்லை. ரொட்டித் துண்டுக்கு எதிரே அவள் கண்ணாடி தனியாக நின்றுகொண்டிருந்தது. அதில் கூரை உத்திரம் வளைந்து தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. தன் வீட்டுக் கதவைத் தானே வெளியிலிருந்து அறைந்து சாத்திவிட்ட மாதிரி அவளுக்கு இருந்தது. உட்கார்ந்து அழுதாள்.

இரண்டொரு நாளில் ஒரு காலைப்பொழுதில் மருத்துவச்சி பனியில் புதையப் புதைய நடந்து பக்கத்து வீட்டுக்குப் போவது தெரிந்தது. யூட்டா மேலங்கியைப் போட்டுக்கொண்டாள், தலைத்துணியைக் கட்டினாள், கண்ணாடியைக் கழுத்தில் மாட்டினாள், கதவுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கூப்பிடமாட்டார்கள் என்று தெரியும். ஆனால் கூப்பிட்டால் தாமதமாகக் கூடாதே. ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஓடில்யாவின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் யூட்டாவின் விரல்கள் தாமாகவே விரிந்து மூடின. நசுக்குவதற்கு யாராவது கை கொடுத்திருப்பார்களா? கெர்லிண்ட் கொடுக்கமாட்டாள், அவளுக்குக் கஞ்சியைப் பற்றித்தான் கவலை. மருத்துவச்சிக்கு இரண்டு கையும் வேண்டும். எழுந்துபோய்த் தட்டினால் என்ன? என்னவென்று சொல்வது? கண்ணாடி அங்கே இருக்கிறது, நிரம்பியும் இருக்கிறது. இவளே சொன்ன வாக்கு. அடுப்பு அணைந்துபோனதைக்கூடக் கவனிக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் சத்தம் நின்றது. அப்புறம் மெல்லிசாக, கோபமாக, புதுக் குரல் ஒன்று அழுதது. தொடர்ந்து பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், யாரோ சிரித்தார்கள். சிரிக்கிறார்கள் என்றால் தாயும் பிழைத்துவிட்டாள். யூட்டா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல அந்த அறையில் யாரும் இல்லை.

தட்டாமலேயே கதவு திறந்தது. கெர்லிண்ட், முகமெல்லாம் சிவந்து, ஆவி பறக்கிற கிண்ணத்தோடு நின்றாள். பீர்க் கஞ்சி வாசனை உள்ளே வந்தது.

"பொண்ணு! கொழுக்கட்டை மாதிரி இருக்கு. நீ சொன்னது சரிதான்டி, கண்ணாடி அப்படி வேலை செஞ்சுது. ஒன்னக் கூப்பிட வேண்டிய அவசியமே வரல, பாரேன்!" மனசாரப் பாராட்டித்தான் சொன்னாள். கிண்ணத்தை யூட்டாவின் கையில் திணித்தாள். "ஆறிடும், குடி. கிண்ணத்த மெதுவா வாங்கிக்கறேன். அங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க." உள்ளே காலெடுத்து வைக்காமலேயே திரும்பி ஓடினாள்.

யூட்டா மேலங்கியைக் கழற்றினாள். கண்ணாடியையும் கழற்றி ஆணியில் மாட்டினாள். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கஞ்சியைக் குடித்தாள். முட்டை தாராளமாகப் போட்டிருந்தார்கள். ஒரு கிண்ணத்துக் கஞ்சியைத் தனியாகக் குடித்து முடிக்க எவ்வளவு குறைந்த நேரம் ஆகிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கிண்ணத்தைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தாள். எடுத்து மறுபடியும் துடைத்தாள். கெர்லிண்ட் மெதுவாகத்தான் வருவாள். அடுத்த வாரம் வருவாளோ, யாரிடமாவது சொல்லி வாங்கிக்கொள்வாளோ. பக்கத்து வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. திடீரென்று எழுந்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, மேலங்கிகூடப் போடாமல் வெளியே இறங்கினாள்.

மற்றவர்கள் நடந்த தடத்தில் கால் வைத்து நடந்தாள். கதவுக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் வழக்கம்போல் கை கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. திரும்பிப் போய் எடுத்து வரலாமா என்று ஒரு கணம் நின்றாள். குளிரில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. உள்ளே அந்தப் புதுக் குரல் மறுபடி அழ ஆரம்பித்தது. யூட்டா கிண்ணத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கதவைத் தட்டினாள்.

"யாரது?" என்று உள்ளேயிருந்து கேட்டார்கள்.

"நான்தான்," என்றாள்.

உள்ளே பேச்சு நின்றது. வெறும் கிண்ணத்துக்குள் பனி விழுந்துகொண்டிருந்தது. யாரோ பெஞ்சை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு கதவை நோக்கி வருகிற காலடிச் சத்தம். கெர்லிண்டின் நடையா, வேறு யாருடையதா என்று தெரியவில்லை. தாழ்ப்பாள் அசைந்தது.